முதிர்வயதில் உடல் பாரம்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் எங்கள் சாப்ளேன் ஐயரவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் என்னிடம் ஒரு தேவசெய்தி கேட்பார்கள். இவ்வருடம் டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஐயரே, வயதானவர்களின் உடல் எடையைப்பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். எனக்கு வேடிக்கையாயிருந்தது. இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயுவும் கிரேக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இடுப்பளவு எடுக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்துப் போனபின்பு கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறவன் நான். டாக்டரிடம் "முழங்கால் வலி" என்று இரண்டு வார்த்தையில் சொன்னவர்கள் என்னிடம் மீதியைச் சொல்லுவார்கள். "ஐயா, கக்கூசுக்குப் போனா எழுந்திருக்க முடியல. மருமகளைக் கூப்பிட வெட்கமா இருக்கு" என்பார்கள். ஆகையால் பேச ஒப்புக்கொண்டேன். நான் சொல்லப்போகிற எண்களையெல்லாம் நம்முடைய பொது மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஏற்கெனவே பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார்கள்.

முதியோர் வார்டில் நான் அதிகமாகக் கேட்கிற விண்ணப்பம் நீண்ட ஆயுசுக்காக அல்ல. "படுக்கையில் விழுந்து பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக்கூடாது" என்பதே. அறுபதைத் தாண்டிய எனக்கும் அந்தப் பயம் உண்டு. உடல் எடையைப்பற்றி நாம் பேசவேண்டியது இந்தப் பயத்தை மனதில் வைத்துத்தான். அழகுக்காகவோ கல்யாணப் போட்டோவுக்காகவோ எழுபது வயதில் யாரும் இளைக்க வேண்டியதில்லை.

எவ்வளவு இருந்தால் அதிகம் என்று கேட்பீர்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுக்க வேண்டும். 155 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தடி ஓரங்குலம் உயரமுள்ள ஒரு அம்மா 72 கிலோ இருந்தால் கணக்கு 30 என்று வரும். மேல்நாட்டாருக்கு 30 முதல்தான் உடற்பருமன். இந்தியருக்கு 25-ஐத் தொட்டாலே உடற்பருமன் என்று நம் நாட்டு நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். ஏனென்றால் அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. இடுப்பைச் சுற்றி நாடா வைத்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. கையை உயர்த்தச் சொல்லமாட்டேன், பயப்படாதிருங்கள்.

சரி, எடை அதிகம். குறைத்துவிடலாமே? இங்கேதான் சிக்கல். வெகுகாலமாக டாக்டர்களே வயதானவர்களை "இளையுங்கள்" என்று சொல்லத் தயங்கினார்கள். இளைக்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் எலும்பின் கனமும் சேர்ந்து போகிறது. முப்பது வயதுக்காரன் இழந்த தசையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுவான். எழுபது வயதில் அது லேசில் திரும்பாது. நாற்காலியிலிருந்து நம்மைத் தூக்கிவிடுவது தொடைத் தசைதான். அது போனால் எடை குறைந்தும் பிரயோஜனமில்லை.

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடினவர்களில் ஒருவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் டென்னிஸ் வில்லாரியல். அவரும் உடன் ஊழியரும் 65 வயதும் அதற்கு மேலுமான 107 பேரைச் சேர்த்தார்கள். எல்லாருமே உடல் பருத்தவர்கள், ஓரளவு தளர்ந்தவர்கள். அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும், ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும், கடைசிக் குழுவுக்கு இரண்டும் இல்லை. ஒரு வருடம் நடத்தி, 2011-ல் நியூ இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் எதை அளந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தராசை மட்டும் நம்பவில்லை. ஐம்பது அடி நடக்க எவ்வளவு நேரம், கோட்டைப் போட்டுக் கழற்ற எவ்வளவு நேரம், தரையில் கிடக்கிற காசைக் குனிந்து எடுக்க முடிகிறதா, நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா, படியேற முடிகிறதா என்று பார்த்து மார்க் போட்டார்கள். கோட்டு நமக்கில்லை, ஆனால் சேலை உண்டு, தரையில் விழுந்த காசும் உண்டு.

ஒரு வருடம் கழித்து, ஒன்றும் செய்யாத குழுவின் மார்க் நூற்றுக்கு 1 பங்குதான் கூடியிருந்தது. உணவு மட்டும் குறைத்தவர்களுக்கு 12 பங்கு. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 15 பங்கு. இத்தனைக்கும் இவர்கள் எடை இறங்கவே இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 21 பங்கு. எடையோவென்றால், உணவு மட்டும் குறைத்தவர்களுக்கு நூற்றுக்குப் பத்தும், இரண்டும் செய்தவர்களுக்கு ஒன்பதும் இறங்கியது. தராசில் வித்தியாசமில்லை பாருங்கள். ஆனால் உள்ளே பார்த்தால், உணவு மட்டும் குறைத்தவர்கள் தசை முதலான கொழுப்பல்லாத உடற்பாகத்தில் 5 சதவீதத்தை இழந்திருந்தார்கள், இரண்டும் செய்தவர்கள் 3 சதவீதத்தை. இடுப்பெலும்பின் அடர்த்தி முதல் கூட்டத்தாருக்கு 3 சதவீதம் குறைந்தது, இரண்டாம் கூட்டத்தாருக்கு 1 சதவீதம்.

அதே டாக்டர் பின்பு எந்தப் பயிற்சி நல்லது என்று 160 பேரை வைத்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு ஒன்றுமில்லை, மற்றவர்கள் எல்லாருக்கும் உணவுக் கட்டுப்பாடு; அதோடு சிலருக்கு நடை போன்ற பயிற்சி, சிலருக்கு எடை தூக்கும் பயிற்சி, சிலருக்கு இரண்டும். 2017-ல் வந்த முடிவில், தனித்தனியே செய்தவர்களுக்கு 14 பங்கும் இரண்டும் செய்தவர்களுக்கு 21 பங்கும் முன்னேற்றம். நம்மில் "நான்தான் தினமும் வாக்கிங் போகிறேனே" என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடை நல்லது. அது மட்டும் போதாது. கைகால்களுக்குப் பாரம் கொடுக்கிற பயிற்சியும் வேண்டும்.

இதற்கு நேர்மாறாக நம் ஊரில் என்ன நடக்கிறது என்று சொல்லுகிறேன். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். சர்க்கரையும் உண்டு. மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவர் தொந்தியைக் கேலிபண்ணினார்களாம். மூன்று மாதம் காலையில் கஞ்சி, இரவிலும் கஞ்சி, உடற்பயிற்சி ஒன்றுமில்லை. 11 கிலோ இறங்கியது. ஊரார் எல்லாரும் "எப்படி இளைத்துவிட்டீர்கள்!" என்று மெச்சினார்கள். நாலாம் மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நம்மிடம் வந்தார். அவருடைய தொடையை நான் பார்த்தேன். என் முழங்கையைவிடச் சற்றே பருமன். தொந்தி மட்டும் பாதி அப்படியே இருந்தது.

அந்த மெச்சுதலைப்பற்றி ஒரு வார்த்தை. ஒன்றும் முயற்சி செய்யாமலேயே ஒரு வயதானவருக்கு எடை இறங்கினால் மெச்சாதிருங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். கட்டுக்குள் வராத சர்க்கரையாயிருக்கலாம், காசநோயாயிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆய்வில் நாளொன்றுக்கு 500 முதல் 750 கலோரி வரை குறைத்தார்கள், பட்டினி போடவில்லை. நம் சமையலில் அது எங்கேயிருந்து வரும்? ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. சமைத்த சோறு 100 கிராமில் 130. நாளுக்கு நாலு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் அதுவே 130-ஐத் தாண்டும். இந்த மூன்று இடத்திலும் கொஞ்சம் கை வைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். அசனப் பண்டிகையின் ஆட்டுக்கறியைக் குறைசொல்ல நான் வரவில்லை, திருநெல்வேலிச் சீமையார் என்னை மன்னிக்கமாட்டார்கள். இலையில் மூன்றாம் முறை விழுகிற சோற்றைத்தான் சொல்லுகிறேன்.

குறைக்கக்கூடாத ஒன்று புரதம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் கொடுத்தார்கள். நம் 72 கிலோ அம்மாவுக்கு 72 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், மீன் 100 கிராமில் 20, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஆறு ஏழு, வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் எட்டொன்பது, ஒரு தம்ளர் பாலில் 6. காலையில் இட்லியும் மதியம் ரசஞ்சோறும் இரவு இட்லியுமாய்க் கழிக்கிற நம் பாட்டிமார் இதில் பாதியைத் தொடுவதே கஷ்டம். வீட்டில் மீன் பொரித்தால் பேரப்பிள்ளைகளுக்கு நடுத்துண்டு, பாட்டிக்குக் குழம்பு. இது நம் வழக்கம். பாட்டியும் அதையே விரும்புகிறதாகச் சொல்லுவார்கள். அதை நம்பாதேயுங்கள், ஒரு துண்டைத் தட்டில் வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உபவாசத்தைப்பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லெந்து காலத்தில் ஒவ்வொரு வருடமும் வார்டில் இதைப் பார்க்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தை எடுத்துவிட்டு உணவை விட்டால் சர்க்கரை சடுதியில் தாழ்ந்து மயங்கிவிழுவார்கள். உபவாசத்தை எடை குறைக்கிற வழியாக எண்ணுகிறவர்களும் உண்டு. உபவாசத்துக்கு வேறு நோக்கம் இருக்கிறது. போதகர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். எழுபது வயதில் சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர் காப்பியையோ தொலைக்காட்சித் தொடரையோ விட்டால் போதும் என்பது என் எண்ணம்.

2025 முதல் நம் நாட்டிலும் எடை குறைக்கும் புதிய ஊசிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. செமாகுளுடைடு, டிர்செபடைடு என்று பேர். வேலை செய்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றால் இளைத்தாலும் தசை சேர்ந்தே போகிறது. ஆகையால் புரதமும் பயிற்சியும் அவர்களுக்கும் வேண்டும். மற்றதை டாக்டர்கள் சொல்லட்டும்.

முழங்கால்! இங்கே இருக்கிற அம்மாமார் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் கவலை. வட கரோலினாவில் முழங்கால் தேய்மானமுள்ள, உடல் பருத்த முதியவர்கள் 142 பேரை ஆராய்ந்து 2005-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டின்மேல் நாலு கிலோ பாரம் குறைகிறது. நம் 72 கிலோ அம்மா 7 கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் 28 கிலோ. ஒரு சிப்பம் அரிசியை இறக்கி வைத்ததுபோல.

"எல்லாம் செய்தும் எடை இறங்கமாட்டேன் என்கிறதே" என்று சோர்ந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. அவர்கள் நடுவயதினர்தான். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு எடை அதிகமாய் இறங்கவில்லை. ஆனாலும் சர்க்கரை நோய் வரும் அபாயம் கால்பங்குக்கு மேல் குறைந்தது. செயின்ட் லூயிசில் பயிற்சி மட்டும் செய்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தராசு அசையாவிட்டாலும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

பயிற்சி என்றவுடன் ஜிம்மும் இயந்திரமும் கண்முன் வருகிறது. அவ்வளவு வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் முதியோருக்குச் சொன்னது, வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான நடை, இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலங்கொடுக்கும் பயிற்சி, மூன்று நாளாவது விழாமல் நிற்கப் பழகுகிற பயிற்சி. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடக்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம் என்று பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொன்னார். நான் அதிகாலையில் ஆஸ்பத்திரி வளாகத்தைச் சுற்றும்போது கீர்த்தனை பாடிப்பார்க்கிறேன். இரண்டு அடிக்குமேல் வந்தால் வேகத்தைக் கூட்டுகிறேன். பலத்துக்கு, சுவரோரம் சாய்த்துப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. அந்தப் பாட்டில் ஒரு கிலோ. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக்கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

இனி நான் சொல்லப்போவது இங்கிருக்கிற மகன்களுக்கும் மகள்களுக்கும். நம் அம்மாமார் ஒருகாலத்தில் கிணற்றில் இறைத்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், ஆலயத்துக்கு நடந்து வந்தார்கள். இப்போது நீங்கள் நன்றாயிருக்கிறீர்கள், தேவனுக்கு ஸ்தோத்திரம். அம்மாவுக்கு வேலைக்காரி வைத்தாயிற்று, கட்டிலுக்கு எதிரே டிவி வைத்தாயிற்று. "நீங்க உட்காருங்கம்மா" என்கிறீர்கள். தண்ணீர் கேட்டால் கையில் வருகிறது, மருந்து கையில் வருகிறது, முறுக்குத் தட்டும் கையில் வருகிறது. மரியாதையாகத்தான் செய்கிறீர்கள். ஆனால் அந்த மரியாதையிலேயே அம்மாவின் கால்கள் செத்துப்போகின்றன. தண்ணீர்ச் சொம்பை அடுப்படியில் வையுங்கள். அவர்களே எழுந்துபோய்க் குடிக்கட்டும். கீரை ஆயட்டும், துணி மடிக்கட்டும், தெருமுனைக் கடைக்குப் போய்வரட்டும். ஊரார் உங்களைக் குறைசொன்னால் சாப்ளேன் சொன்னார் என்று சொல்லுங்கள்.

பள்ளி ஆசிரியையாயிருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, எழுபத்திரண்டு வயது, இரண்டு வருடத்துக்கு முன் நம்மிடம் வந்தார்கள். வீட்டில் கால் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். எலும்பு முறியவில்லை, காயமும் பெரிதில்லை. ஆனால் தரையிலிருந்து எழும்ப முடியாமல், பிள்ளைகள் யாரும் உடனில்லாதபடியால், பால்காரர் வரும்வரை இரண்டு மணிநேரம் அப்படியே கிடந்தார்கள். "ஐயா, அந்த இரண்டு மணிநேரத்தில் என் முழு ஆயுசையும் நினைத்துப்பார்த்துவிட்டேன்" என்றார்கள். 81 கிலோ இருந்தார்கள். பிசியோதெரபிப் பகுதியில் நீங்கள் அனுப்பிய காணிக்கையில் வாங்கிய கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்து முதல்நாள் மூன்றுதரம்தான் எழுந்து உட்கார்ந்தார்கள். "என்ன வேண்டும் உங்களுக்கு?" என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டதற்கு, எத்தனை கிலோ என்று சொல்லாமல், "திருவிருந்துக்கு முழங்காற்படியிட வேண்டும், யாரும் தூக்கிவிடாமல் எழும்ப வேண்டும்" என்றார்கள். ஐந்து வருடமாக நின்றபடியே வாங்கிக்கொண்டிருந்தார்களாம்.

சுலபமாயிருக்கவில்லை. இரண்டாம் மாதம் தோளில் வலி வந்து மூன்று வாரம் நின்றுபோனார்கள். கிறிஸ்துமஸ் கேக்கில் இரண்டு கிலோ ஏறினதாக அவர்களே சொன்னார்கள். இரத்த அழுத்த மாத்திரையின் அளவை டாக்டர் குறைக்க வேண்டியிருந்தது. எடை இறங்கும்போது பழைய அளவு மாத்திரை தலைசுற்றலைக் கொண்டுவரும், இதையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் 6 கிலோ இறங்கியது. இன்றைக்கும் அவர்கள் 75 கிலோ. புத்தகக் கணக்குப்படி பருமன்தான். ஆனால் சென்ற உயிர்த்தெழுந்த பண்டிகையன்று முழங்காற்படியிட்டார்கள், கம்பியைப் பிடித்துத் தாங்களே எழும்பினார்கள். பாத்திரம் கையிலிருந்தபடியால் நான் உதவிசெய்திருக்கவும் முடியாது.

எண்பது வயதைக் கடந்தவர்களும், கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தவர்களும் எடை குறைப்பதை நோக்கமாக வைக்க வேண்டாம், பலத்தை மட்டும் தேடுங்கள் என்று நம் டாக்டர் சொல்லச் சொன்னார். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் எதையும் தொடங்குமுன் காட்டிக்கொள்ளுங்கள். வரும்போது மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். முதியோருக்கான பயிற்சி செவ்வாயும் வெள்ளியும் காலையில் நடக்கிறது. வாரால் கட்டுகிற செருப்புப் போட்டு வாருங்கள். தூரத்துச் சபைகளில் பெண்கள் ஐக்கியம் பத்துப்பேரைச் சேர்த்து, கைவைத்த நாற்காலிகளையும் ஒரு அறையையும் ஆயத்தம்பண்ணினால், பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுப்பார்.

வெளியே வராந்தாவில் சுவரோரமாக எட்டு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். தேநீருக்குப் போகுமுன், விரும்புகிறவர்கள் கைகளை மார்பின்மேல் மடித்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனைதரம் முழுவதும் எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்கலாம். எழுபது முதல் எழுபத்துநாலு வயதில் பெண்கள் 10-க்கும் ஆண்கள் 12-க்கும் குறைந்தால், அந்த வயதுச் சராசரிக்குக் கீழே என்று அர்த்தம். நர்சிங் மாணவியர் கடிகாரத்தோடு நிற்கிறார்கள். சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் தயவுசெய்து வேடிக்கை மட்டும் பாருங்கள்.